கோலமாவில் நாலு கால்

அந்தப் பையைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வெச்சுக்குங்க சார். கூடை மேல சாயுது. நீங்க வேணும்னே வெச்சீங்கன்னு சொல்லலை. ஆனா வேலூர்ல ஏறினதுலேர்ந்து மூணு தடவை இந்தக் கூடையைத் திரும்பிப் பாத்துட்டீங்க. நான் கவனிச்சேன். துண்டு அசையுதேன்னு தானே பாக்கறீங்க? நாய் தான். கடிக்காது. கடிச்சா தேவலைன்னு நானே வேண்டிக்கிட்டு இருந்த காலமும் உண்டு, அதை அப்புறம் சொல்றேன்.

கண்டக்டர்கிட்ட சொல்லிட்டுத் தான் ஏத்தினேன். அவனுக்கு என்னைத் தெரியும். நான் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையரானவன். மொத்தம் முப்பத்தொரு வருஷம் சர்வீஸ். இறங்கி நாலு வருஷம் ஆச்சு, ஆனாலும் பஸ்ல ஏறினா கண்ணு தானா போகும். அதோ மூணாவது சீட்டுல ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர் டிக்கெட் எடுக்கலை. எப்படித் தெரியும்னா, வெளியில பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை. லாரி தான் நிக்குது. லாரியை எவனாவது அவ்வளவு ஆசையா பாப்பானா? விடுங்க, இப்ப எனக்கென்ன.

நான் மெட்ராஸுக்குப் போறேன். டாக்டர்கிட்ட. எனக்கில்லை, இதுக்கு. முதுகுத்தண்டுல ஆபரேஷன் ஆகி இன்னைக்கு அறுபத்து மூணாவது நாள். பஸ் ஸ்டாண்டுல என் பொண்ணு இளவரசி வந்து நிப்பா. அங்கேர்ந்து அவ கார்ல நேரா ஆஸ்பத்திரி. டாக்டர் பாத்து, நடக்குதுன்னு சொல்லிட்டா பொண்ணு அப்படியே அவ வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவா. நடக்கலைன்னு சொல்லிட்டா நான் திரும்ப வேலூருக்குக் கொண்டு வந்துடுவேன். அவ்வளவு தான் விஷயம்.

நடக்குதான்னு கேக்கறீங்க. பொறுங்க சார். எல்லாரும் இதையே தான் கேக்கறாங்க. முதல்லேர்ந்து சொன்னா தான் புரியும்.

இது என் பொண்ணோட நாய். ஜாதி நாயாம். உடம்பு பெஞ்சு மாதிரி நீட்டு, காலு முழ உயரம் கூடக் கிடையாது. பேரு கேசரி. சிரிக்காதீங்க. நானும் கேட்டேன், ஏம்மா, நாய்க்கு எவனாவது கேசரின்னு பேர் வெப்பானான்னு. கலரு அப்படி இருக்குப்பான்னா. தெருவுல நின்னு கேசரி கேசரின்னு கத்தினா நாலு பேரு என்ன நினைப்பான்? நான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறதே இல்லை. டேய்ன்னா திரும்பும்.

இந்த ஜாதிக்கே முதுகு தான் வீக்காம். சோபாவுலேர்ந்து குதிச்சிருக்கு. ராத்திரி நல்லா தான் தின்னுட்டுப் படுத்திருக்கு, காலையில பாத்தா பின்னங்கால் ரெண்டும் இல்லை. இருக்குது, ஆனா இல்லை. முன்னங்காலால இழுத்துக்கிட்டு, பின்னாடி பாதி உடம்பை யாரோட சாமானோ மாதிரி சுமந்துக்கிட்டு வருது. உடனே ஆபரேஷன் பண்ணாங்க. பத்தாம் நாள் பொண்ணு காரை வெச்சுக்கிட்டு நாயோட வேலூர் வந்து நிக்கறா. "அப்பா, ரெண்டு மாசம் இவனைப் பாத்துக்கணும். நாங்க மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். உங்களால தான் முடியும்."

உங்களால தான் முடியும். அந்த வார்த்தையில தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஏன் சார், அவ மாமியார் வீடு தாம்பரத்துல இருக்கு. தரை வீடு. மாமனார் என்னை மாதிரியே ரிடையராகிச் சும்மா தான் உக்காந்திருக்கார். பக்கத்துல இருக்கறதை விட்டுட்டு மூணு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு என்கிட்ட எதுக்கு வரணும்? நான் நாயைத் தொட்டதே கிடையாது. டூட்டியில இருந்த காலத்துல டிப்போ நாய்ங்களைக் கல்லால அடிச்சவன் நான், அது அவளுக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரி தெய்வானைகிட்ட சொன்னேன். "இதுல ஏதோ இருக்குடி. ஒண்ணு, இந்த நாயைச் சாக்கா வெச்சு நம்மளை மெட்ராஸுக்கு இழுக்கப் பாக்கறாங்க. இல்லைன்னா, இது பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாங்க, பழி நம்ம மேல விழட்டும்னு கொண்டாந்து விட்டிருக்காங்க." அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. நிமிர்ந்து கூடப் பாக்கலை. "முதல்ல அதுக்கு மூத்திரம் வர்ற வழியைப் பாருங்க, அப்புறம் வழக்கு போடலாம்"னா.

அது உண்மை தான். மூத்திரம் தானா வராது சார் இதுக்கு. அடிவயித்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு மெதுவா அமுக்கி எடுக்கணும். ஒரு நாளைக்கு நாலு தடவை. அதிகமா அமுக்கினா மூத்திரப்பை கிழிஞ்சுடும், குறைச்சா தேங்கிச் சீழ் பிடிக்கும். என் பொண்ணு என்னைத் தரையில உக்கார வெச்சு, என் கையை அது வயித்துல வெச்சு, என் கை மேல அவ கையை வெச்சு அமுக்கிக் காட்டினா. "இங்கப்பா, எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையா தட்டுப்படுதா? அதான்." கல்யாணத்துல தாரை வார்க்கும்போது அவ கையைப் பிடிச்சது. அதுக்கப்புறம் அவ கை என் கை மேல பட்டது அப்ப தான்னு நினைக்கிறேன். சும்மா சொல்றேன், ஞாபகம் வந்துச்சு.

என்னென்ன செய்யணும்னு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிட்டுப் போனா. நான் அந்தப் பேப்பரை நம்பலை. டாக்டருக்கே போனைப் போட்டு ஒவ்வொண்ணா கேட்டேன். சின்னப் பொண்ணு, லேடி டாக்டர். மூணாவது தடவை கூப்பிட்டப்ப, "சார், நீங்க என்னைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கற மாதிரி இருக்கு"ன்னாங்க. நடக்குமா நடக்காதான்னு கேட்டேன். "நடக்கலாம்"னாங்க. அந்த லாம் எனக்குப் பிடிக்கலை. டிக்கெட் எடுத்தியான்னா எடுத்திருக்கலாம்னு எவனாவது சொன்னா விடுவேனா நான்?

ஹால்ல ஒரு மூலையில மடக்குக் கம்பி வேலி போட்டு அதுக்குள்ள படுக்க வெச்சோம். ஆறு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. எங்க வீட்டுல மொசைக் தரை, வழுக்கும். கடைகடையா ஏறி இறங்கித் தேங்காய்நார் மிதியடி வாங்கியாந்து ஹால் முழுக்கப் போட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வெக்கணும், இல்லைன்னா புண்ணு வந்துடும். காலை மெதுவா சைக்கிள் மிதிக்கற மாதிரி சுத்திவிடணும். தெய்வானை நான் செய்யறேன்னா. விடலை. அவ சீரியல் பாத்துக்கிட்டே சுத்துவா, எண்ணிக்கை விட்டுடுவா. யாரையும் நம்பி இந்த வேலையை விட முடியாது சார். அலாரம் வெச்சுக்கிட்டு நானே பாத்தேன்.

அப்புறம் கிள்ளறது. அது தான் முக்கியம். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளணும். கிள்ளும்போது காலை இழுத்துக்கறது பெருசில்லையாம். வலி தலைக்குப் போய்ச் சேருதான்னு பாக்கணும். அது திரும்பிப் பாக்கணும், இல்லை கத்தணும், இல்லை கடிக்க வரணும். மூணு வாரத்துக்குள்ள வரலைன்னா அப்புறம் கஷ்டம்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. நான் தினமும் காலையில கிள்ளுவேன். அது எங்கேயோ பாத்துக்கிட்டுப் படுத்திருக்கும். பிளாஸ்டிக் பொம்மையைக் கிள்ளற மாதிரி இருக்கும்.

பதினெட்டாம் நாள் காலையில கிள்ளினேன். அவன் டக்குனு திரும்பினான். யாருடா அவன்னு என்னை ஒரு முறை முறைச்சான் பாருங்க, அப்புறம் என் கட்டை விரலைப் பிடிச்சுக் கடிச்சுட்டான். நல்லா ரத்தம் வந்துச்சு. நான் "தெய்வானை! கடிச்சுட்டான்டி! கடிச்சுட்டான்!"னு கத்தறேன். அவ பதறிக்கிட்டு ஓடி வந்து, "கடிச்சதுக்கு எதுக்குங்க சிரிக்கறீங்க?"ன்னா. சிரிச்சேனா அழுதேனா எனக்கே தெரியாது சார். அவ்வளவு சந்தோஷம். அவனுக்கு ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டிருக்குன்னு பொண்ணு சீட்டு குடுத்திருந்தா. இருந்தாலும் நம்பாம நானும் போய் ஊசி போட்டுக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னா. அப்புறம், "தேங்ஸ்ப்பா"ன்னா. என் பொண்ணு எனக்கு எதுக்கு தேங்ஸ் சொல்லணும்? அதையும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் வேகமா தான் போச்சு. என் பழைய யூனிஃபார்ம் துணியை வெட்டி, தெய்வானை தையல் போட்டுக் குடுத்தா. அதை அவன் வயித்துக்கு அடியில தொட்டில் மாதிரி விட்டு, மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பின்கட்டுல நடத்துவேன். நான் குனிஞ்சு, அவன் நிமிர்ந்து. பாதம் மடங்கிப் போய், மேல்பக்கம் தரையில தேயற மாதிரி நிப்பான். உக்காந்து விரலைப் பிரிச்சு நேரா வெப்பேன். வெச்ச உடனே மடங்கும். மறுபடி வெப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெச்சேன்னு எனக்குத் தெரியாது. என் முதுகு போச்சு. அவன் முதுகு நேராச்சு.

அஞ்சு வாரம் முடிஞ்சதும், வேலிக் கதவைத் திறந்து வெக்கலாம், ஹாலுக்குள்ள அவனா நகரட்டும்னு டாக்டர் சொன்னாங்க. திறந்து வெச்சேன். அவன் நகரலை. நான் எதிர்ல உக்காந்திருந்தா மல்லாந்து படுத்துக்கிட்டு என்னையே பாப்பான். நான் தூக்கி நிறுத்தினா நிப்பான். கையை எடுத்தா உக்காந்துடுவான். ஆறாவது வாரமும் இதே கதை. பொண்ணு தினமும் ஆறரை மணிக்கு போன் பண்ணுவா. "அப்பா, தானா நின்னானா? நடந்தானா?" போன்லயே செக்கிங். இல்லம்மா இல்லம்மான்னு பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு.

ஆனா வீட்டுல சின்னச் சின்னதா சில விஷயம் சரியில்லாம இருந்துச்சு. நான் கடைக்குப் போயிட்டு வந்தா தண்ணிக் கிண்ணம் இடம் மாறியிருக்கும். வேலிக்குள்ள போட்ட துணி ஹால் நடுவுல கிடக்கும். வாசல் மிதியடியில அவன் முடி ஒட்டியிருக்கும். தெய்வானையைக் கேட்டேன். "நீ இவனைத் தூக்கிக்கிட்டு வெளியில வாசலுக்குப் போறியா?" அவ, "எனக்கு வேற வேலை இல்லையா? வண்டியில செக் பண்ணது போதாதா, வீட்டுலயும் பண்ணணுமா?"ன்னு எகிறினா. எகிறினா பாருங்க, அங்க தான் விஷயம். டிக்கெட் இருக்கறவன் எகிற மாட்டான், எடுத்துக் காட்டிட்டுப் பேசாம இருப்பான்.

இவளும் பொண்ணும் சேர்ந்து எனக்குத் தெரியாம என்னமோ பண்றாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு நாள் மத்தியானம் அவ சாப்பிட்டுட்டுப் படுத்தா. நான் கோலமாவு டப்பாவை எடுத்து, வேலிக் கதவுலேர்ந்து வாசல் வரைக்கும் மிதியடியெல்லாம் எடுத்துட்டு, மெல்லிசா தூவினேன். "வாழைப்பழம் வாங்கிட்டு வரேன்"னு சத்தமா சொல்லிட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டு, தெருக்கோடி வரைக்கும் போய் அரை மணி நேரம் நின்னேன். எவ காலு பதியுதுன்னு பாத்துடலாம்னு.

திரும்பி வந்து கதவைத் திறக்கறேன். மனுஷன் காலு ஒண்ணு கூட இல்லை.

நாலு கால் சார். நாய்க் கால். இழுத்துக்கிட்டுப் போயிருந்தா அகலமா ஒரே பட்டையா அழிஞ்சிருக்கணும். அப்படி இல்லை. முன்னங்கால் ரெண்டும் பூ மாதிரி அழுத்தமா. பின்னங்கால் இடது, அதுவும் சுத்தமா. வலது மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி ஒரு சின்னக் கீத்து, லேசா தேச்சு எடுத்து வெச்சிருக்கான். வேலியிலேர்ந்து நேரா வாசலுக்கு. வாசல்ல செருப்பு விடற இடம் வரைக்கும். அங்க ஒரு வட்டம் போட்டு, உக்காந்து எழுந்த தடம். அப்புறம் திரும்ப வேலிக்கு. நான் உள்ள வந்தப்ப மல்லாந்து படுத்துக்கிட்டு, மூக்கு முழுக்க மாவோட, ஒண்ணுமே தெரியாதவன் மாதிரி என்னைப் பாக்கறான்.

செருப்பைக் கடிக்கறதுக்குப் போயிருக்கான், திருட்டுப்பய. நான் போட்டுக்கிட்டுப் போயிட்டதால கிடைக்கலை. அப்படித் தான் இருக்கணும். வேற என்ன இருக்கப் போவுது அங்க?

நான் ரொம்ப நேரம் அந்தத் தடத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அறுபத்திரண்டு வயசுல ஒரு சாதனை பண்ணிட்டேன்னு நினைச்சேன். இந்த ரெண்டு கையால பண்ணது. உடனே பொண்ணுக்கு போனைப் போடணும்னு எடுத்தேன். எடுத்தவன் வெச்சுட்டேன். ஈரத்துணி எடுத்தாந்து, தெய்வானை எழுந்துக்கறதுக்கு முன்னாடி தரையைத் துடைச்சுட்டேன். அவன் மூக்கையும் துடைச்சுவிட்டேன்.

ஆறரைக்கு போன் வந்துச்சு. "நடந்தானாப்பா?"

"இல்லம்மா. இழுக்குது."

முப்பத்தொரு வருஷத்துல டிக்கெட் விஷயத்துல நான் ஒரு பொய் சொன்னதில்லை சார். இது என் வாயிலேர்ந்து தானா வந்துச்சு.

காரணம் இருக்கு. சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமையே கார் வந்துடும். மூணு மாடி ஏறணும். மாப்பிள்ளை ஞானவேலு போனைப் பாத்துக்கிட்டே படி ஏறற ஆளு. நாயை இடுப்புல ஒரு கையும் மார்ல ஒரு கையும் குடுத்துத் தூக்கணும், கக்கத்துல இடுக்கக் கூடாது. அவருக்குத் தெரியுமா அது? அங்க அந்த சோபா வேற இருக்கு. இன்னும் தூக்கிப் போடலையாம், கேட்டேன். எல்லாம் இவன் நல்லதுக்காகச் சொன்னது தான். எனக்கு என்ன, நாய் இல்லாம நான் அறுபது வருஷம் இருக்கலையா?

அப்புறம் பாருங்க, ஒரு நாள் போன் பேசிக்கிட்டு இருக்கேன், இவன் பின்னாடி மிதியடி இல்லாத இடத்துல, மொசைக்ல நடந்து வரான். நகம் டிக் டிக் டிக்குன்னு சத்தம் போடுது. பொண்ணு பேச்சை நிறுத்திட்டா. "என்னப்பா அது சத்தம்?" "அம்மா ஏதோ கொத்தறாம்மா, சமையக்கட்டுல"ன்னேன். மூக்கை உறிஞ்சினா. என்னம்மான்னேன். ஜலதோஷம்ப்பான்னா. அப்புறம், "அவசரமே இல்லப்பா. செக்கப் வரைக்கும் உங்க கிட்டயே இருக்கட்டும்"னா.

அதுக்கு மறுநாளிலேர்ந்து அவ கேக்கறதையே நிறுத்திட்டா. நடந்தானா நின்னானா ஒண்ணும் கிடையாது. நீங்க சாப்பிட்டீங்களா, கால் வலி எப்படி இருக்கு, இப்படியே பேசறா. மூணு வாரமா. எனக்கு அது தான் பெரிய சந்தேகம். நாய் வேண்டாம்னு ஆயிடுச்சோ? புதுசா வேற நாய் வாங்கிட்டாங்களோ? ஏன் கேக்க மாட்டேங்கறா? யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கு ஏதாவது புரியுதா?

அதுக்கு எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

இன்னைக்குக் காலையில கிளம்பும்போது தெய்வானை கூடையில துண்டை விரிச்சுக்கிட்டே சொல்றா, "இது நடக்குதுங்க, எனக்குத் தெரியும்." எப்படிடின்னேன். "நீங்க தினமும் பால் வாங்கப் போனதும் வாசல்ல வந்து நின்னு நீங்க போன தெருவையே பாக்குது. போட்ட கோலத்தை மிதிச்சுடுது. நீங்க வர்றதுக்குள்ள மூணு வாரமா நான் தான் திருத்திக்கிட்டு இருக்கேன்." அடிப்பாவி, என்கிட்ட ஏன் சொல்லலைன்னேன். "சொன்னா ரூல்ஸ் பேசி அன்னைக்கே பொண்ணுக்கு போனைப் போட்டு அனுப்பிடுவீங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு தான்." ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம இதை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கோம் சார். எனக்காக வந்து நிக்குதாம். பால் பாக்கெட்டுக்காக நிக்கும்டி, உனக்கென்ன தெரியும்னேன்.

அவ அதோட விடலை. நான் நாலு பேர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேனே, தாம்பரத்துல விடாம என்கிட்ட ஏன் விட்டான்னு. அவ பொண்ணுகிட்டயே அன்னைக்கே கேட்டிருக்கா. பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? "அத்தை வீட்டுல பாசமா தான் பாத்துப்பாங்கம்மா. ஆனா சொன்னதை நம்பிடுவாங்க. அப்பா தான் யாரையும் நம்ப மாட்டார். டாக்டர் சொன்னாலும் திரும்ப ஒரு தடவை பாப்பார், ராத்திரி எழுந்து எழுந்து பாப்பார். இவன் அப்பாகிட்ட இருந்தா தான் பொழைப்பான்."

இந்தக் குணத்துக்கு ஊர்ல என்னைத் திட்டாதவன் கிடையாது சார். கண்டக்டருங்க பட்டப்பேர் வெச்சாங்க. சொந்தத்துல பாதிப் பேரோட பேச்சு வார்த்தை இல்லை. என் பொண்ணு இதுக்காகவே என்னைத் தேடி வந்திருக்கா. கேட்டதுலேர்ந்து அதையே நினைச்சுக்கிட்டு வரேன்.

ஏன்னா போன வருஷம் ஒண்ணு நடந்துச்சு. அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சு உண்டாகி, மூணு மாசத்துல கலைஞ்சு போச்சு. போன்ல அழுதா. "அப்பா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க"ன்னா. நான் போகலை. அம்மாவை மட்டும் பத்து நாளைக்கு அனுப்பினேன். இதைச் சாக்கா வெச்சு எங்களை அங்கேயே உக்கார வெச்சுடப் பாக்கறாங்கன்னு நினைச்சேன். அப்படித் தான் சார் தோணுச்சு, நான் என்ன பண்ணட்டும். தெய்வானை திரும்பி வந்து சொன்னா, பகல் பூரா இந்த நாய் அவ வயித்து மேல தலையை வெச்சுக்கிட்டு நகராம படுத்திருக்குன்னு. அவ எழுந்தா எழுந்துக்குமாம், படுத்தா படுத்துக்குமாம். நாய் இருந்திருக்கு. நான் இல்லை. இந்த அறுபத்து மூணு நாள்ல ஒரு நாள் கூட அவ அதைச் சொல்லிக் காட்டலை. சொல்லிக் காட்டியிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன்.

சரி விடுங்க. பூந்தமல்லி தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் தான்.

நான் என்ன பண்ணப் போறேன்னு சொல்றேன் கேளுங்க. கூடையிலேர்ந்து இவனை இறக்கவே மாட்டேன். டாக்டர் மேஜை மேல படுக்க வெச்சே காட்டுவேன். என் எதிர்ல இவன் நடக்க மாட்டான், படுத்துக்குவான், அது நல்ல பழக்கம். "வலது கால் இன்னும் தேய்க்குது மேடம், மூணு மாடி தாங்காது, இன்னும் ரெண்டு மாசம் தரை வீட்டுல இருக்கட்டும்"னு சொல்வேன். வலது கால் தேய்க்கறது உண்மை தானே. பொண்ணுகிட்டயும் நேத்து போன்ல பதமா சொல்லி வெச்சிருக்கேன். அவளே சொன்னா, "சரிப்பா, நான் பெரிய கூடை எடுத்துக்கிட்டு வரேன், படுக்க வெச்சே தூக்கிட்டுப் போகலாம்"னு. நம்பிட்டா.

தப்புங்கறீங்களா? உங்க முகத்துலயே தெரியுது. நீங்க பேசவே இல்லைன்னாலும் நான் முகத்தைப் பாத்து மூணு டிப்போவை நடுங்க வெச்சவன். தப்பு தான். எனக்குத் தெரியாதா? ஆனா காலையில ஆறு மணிக்கு யாருக்காக எழுந்துக்கறது, சொல்லுங்க.

டேய், இருடா. இருடா. பாத்தீங்களா, ஊரு வந்த உடனே மூக்கைத் தூக்கிட்டான். இந்த வாலைப் பாருங்க, கூடையையே தட்டுது. இந்த வாலு ஒரு மாசம் கயிறு மாதிரி தொங்கிக்கிட்டு இருந்துச்சு சார்.

அதோ. அந்தப் பச்சைச் சுடிதார், தூண்கிட்ட. அவ தான் என் பொண்ணு. இளைச்சிருக்கா. இங்கேர்ந்து பாத்தாலே தெரியுது. எந்த பஸ்ஸுன்னு எட்டி எட்டிப் பாக்கறா.

கையில என்ன வெச்சிருக்கா அவ? என் கண்ணுக்குச் சரியா தெரியலை, நீங்க பாத்துச் சொல்லுங்க. பெரிய கூடை கொண்டு வரேன்னாளே. கூடை எங்க? பக்கத்துல கீழ ஏதாவது இருக்கா? இல்லையா?

கயிறா? நல்லா பாருங்க. நாயை நடத்திக் கூட்டிக்கிட்டுப் போற கயிறா? சிவப்புக் கயிறு?

அப்ப அவளுக்குத் தெரியும்.

மூணு வாரமா தெரியும் சார். அந்த நகச் சத்தம் கேட்ட அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலை. தூங்கற மாதிரி நடிச்சவன், கிழவன், பிள்ளைத்தாச்சின்னு எத்தனை பேரை நான் நடு ரோட்டுல இறக்கி விட்டிருக்கேன். ஒருத்தரை, ஒரே ஒருத்தரை, பாத்தும் பாக்காத மாதிரி விட்டுட்டுப் போனதில்லை நான். இவ மூணு வாரம் விட்டிருக்கா. அவ்வளவு ஆசையா வளத்த நாயை என்கிட்ட விட்டுட்டு, சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

சார், ஒரு உதவி பண்ணுங்க. அந்தக் காலிக் கூடையை மட்டும் நீங்க எடுத்துக்கிட்டு முன்னாடி இறங்குங்க. நான் இவனைக் கையில தூக்கிக்கறேன், படியில இவன் இறங்கக் கூடாது. ஒரு கை மாருக்கு, ஒரு கை இடுப்புக்கு. கீழ தரை சமமா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. தண்ணி கிண்ணி கிடந்தா வழுக்கும். அவ நிக்கற இடத்துக்குப் பத்து அடி முன்னாடி நான் இவனைத் தரையில விடப் போறேன்.

நடந்து போகட்டும். வா கேசரி.